தாயற்ற முயற்குட்டி

மாசி, பங்குனி மாதங்களிலே வன்னிப் பகுதியிற் காலபோக நெல் அரிவு வெட்டு நடைபெறும். வயலோரத்துப் புல்லையும் பற்றையையும் வெட்டித் துப்புரவு செய்யும் வேளையில், கத்தி முனைக்கு ஒரு முழத் தூரத்தில், ஒரு சிறிய உயிர் அசையாமற் கிடப்பதைச் சில சமயங்களிற் காணலாம். உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய உடம்பு. முதுகோடு ஒட்டப் படிந்த காதுகள். அகல விழித்த கண்கள். சுற்றுமுற்றும் பார்த்தால் தாயைக் காணோம். கூட வந்த சிறுவன் ஒருவன் அதனைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான். அன்று மாலை பசுப்பாலும் போத்தலும் தேடப்படும். குட்டியின் வாயைத் திறந்து பாலூற்றுவதற்கு வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் முயல்வர். அயல்வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் வந்து தொட்டுப் பார்ப்பர். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வளவின் மூலையில் ஒரு சிறு குழி தோண்டப்படும். சிறுவன் அழுவான். ஏதோ நோய் வந்துவிட்டது என்று சொல்லிப் பெரியோர் அவனைத் தேற்றுவர்.

அந்தக் குட்டிக்குப் பெரும்பாலும் நோயெதுவும் இருந்திராது. அதைவிட வருந்தத்தக்கது, அதன் தாயும் உயிரோடிருந்திருக்கும் என்பது. பொழுது சாய்ந்ததும் அத்தாய் அதே பற்றையடிக்கு வந்து, குட்டியைக் காணாமல் திரும்பியிருக்கும். இவ்வாறு தாயிருக்கத் தாயற்றனவாகும் குட்டிகள் ஒருபுறமிருக்க, உண்மையாகவே தாயை இழந்த குட்டிகளும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு, பிந்தியதைக் காப்பாற்றுவது எவ்வாறு என்பன நாட்டுப்புறத்தில் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டியவை.

முதலில் இந்த விலங்கு யாது என்பதைத் தெளிதல் வேண்டும். இலங்கையின் காடுகளிலும் தரவைகளிலும் இயல்பாக வாழ்வது ஒரேயொரு முயலினமே. பிடரியிலே கறுத்த மயிர்த்திட்டு ஒன்று இருப்பதனால் அது கரும்பிடரி முயல் எனப்படும். வாலின் மேற்புறமும் கறுப்பாயிருக்கும். பிரெஞ்சு நாட்டு விலங்கியலறிஞர் பிரெடெரிக் கூவியே என்பவர் 1823ஆம் ஆண்டில் இதற்கு இட்ட இலத்தீன் பெயரும் கருங்கழுத்தைக் குறிப்பதே. இந்தியாவிலும் இதே இனம் உண்டு. வீடுகளிலே கூட்டில் வைத்து வளர்க்கப்படும் வெள்ளை முயலோ ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலுள்ள சிபெயின், போர்த்துக்கல் ஆகிய நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட குழிமுயலின் வழிவந்தது. ஆங்கிலேயர் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்திருக்கின்றனர். தமிழில் அகராதிகள் குழிமுயல் என்ற சொல்லைத் தந்தபோதிலும், பேச்சு வழக்கில் இரண்டும் முயலே. குட்டியை வளர்க்கப் புகுவோர் செய்யும் பிழைகளிற் பல இந்த ஒற்றைச் சொல்லிலிருந்தே தொடங்குகின்றன.

இரண்டுக்குமுள்ள வேறுபாடு சிறிதன்று. குழிமுயல் நிலத்தைத் தோண்டி வளை அமைத்து, அதனுள்ளே தன் மயிரைப் பறித்து மெத்தையிட்டுக் குட்டி ஈனும். அக்குட்டிகள் பிறக்கும்போது மயிரின்றி, கண் திறவாமல், எலிக்குஞ்சு போல இருக்கும். காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லினிடையே தன் உடம்பளவான ஒரு பள்ளத்தை அழுத்தி உண்டாக்கி அதிலே படுத்திருக்கும். அதன் குட்டிகள் திறந்த வெளியிற் பிறக்கின்றன. ஆதலால் உடம்பு நிறைந்த மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. பிறந்து சிறிது நேரத்தில் நகரவும் வல்லன. ஓர் ஈற்றில் ஒன்று முதல் மூன்று வரையான குட்டிகளே பெரும்பாலும் பிறக்கும். உயிரணுவின் உள்ளேயுங்கூட வேறுபாடு உண்டு. காட்டு முயலினத்துக்கு நிறமூர்த்தங்கள் 48, குழிமுயலுக்கு 44. இவையிரண்டும் கலந்து இனம்பெருக்குவதில்லை. எனவே, வீட்டு வெள்ளை முயல் ஒன்று குட்டி போட்டிருக்கிறது, அதனோடு இதையும் விட்டுவிடலாம் என்று எண்ணுதல் வீண். வெள்ளை முயல் அதனைக் கடித்துக் காயப்படுத்தவும் கூடும். ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றவும் கூடும்.

இனித் தாயின் இயல்பு. ஆடும் மாடும் நாயும் பூனையும் தம் குட்டிகளோடு ஓயாது உடனிருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முயற்றாயின் ஒழுக்கம் கன்னெஞ்சமாகத் தோன்றும். ஐரோப்பியக் காட்டு முயல்களை ஆராய்ந்தோர் கண்டது இது: தாய் தன் குட்டிகளுக்கு நாளொன்றுக்கு ஒருமுறையே பாலூட்டுகின்றது. அதுவும் சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துள். பகலெல்லாம் குட்டிகள் தனித்தனியே சிதறி, வெவ்வேறு புற்புதர்களில் ஒடுங்கிக் கிடக்கும். மாலை மங்கியதும் பிறந்த இடத்துக்கு அவை வந்து கூடும். தாய் வரும், சில நிமிடங்கள் பால் கொடுக்கும், போய்விடும். அதற்குப் பின் மறுநாள் மாலை வரை அவற்றின் பக்கம் அது வருவதில்லை.

இதற்குக் காரணம் வெளிப்படை. நரியும் காட்டுப்பூனையும் கீரியும் மலைப்பாம்பும் வானத்துப் பருந்தும் உலவுகின்ற நிலத்தில், வளையில்லாத ஒரு விலங்கு தன் குட்டியைக் காப்பதற்கு அதை விட்டு விலகியிருப்பதே நல்ல வழி. பெரிய முயலின் மணமும் அசைவும் பகைவரை அழைக்கும். குட்டியின் உடம்பிலே மணம் மிகக் குறைவு. ஆடாமல் அசையாமற் கிடந்தால் பக்கத்தாற் செல்லும் நாய்கூட அதை அறியாமற் போவதுண்டு. ஆகவே, புல்லின் நடுவிலே தனியே, ஓடாமல், ஓசையிடாமல் ஒரு முயற்குட்டி கிடக்கிறதென்றால், அது கைவிடப்பட்டதன் அடையாளமன்று. தாய் இட்ட இடத்தில் தாய் கற்பித்த வண்ணம் அது கிடக்கிறது.

மனிதர் கைபட்ட குட்டியைத் தாய் ஏற்றுக்கொள்ளாது என்றொரு நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. ஒருமுறை தொட்டுவிட்டோம், இனிக் கொண்டுபோய் விட்டாற் பயனில்லை என்று சொல்லுவோரிடம் எவ்வளவு எடுத்துரைத்தாலும், அவர்கள் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பர். இந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. தொட்ட குட்டியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தால் தாய் வந்து பாலூட்டும். பகலில் எடுத்துவந்த குட்டியை அன்று மாலைக்குள் திரும்பக் கொண்டுசென்று வைத்தலே தலைசிறந்த வைத்தியம். வைக்கும்போது எடுத்த இடம் சரியாகத் தெரிந்திருத்தல் வேண்டும். சிறுவனை உடன் அழைத்துச் சென்று காட்டச் சொல்லலாம். அந்த இடம் கொளுத்தப்பட்டோ உழப்பட்டோ விட்டதாயின், அதற்கு மிக அண்மையில், சில யார் தூரத்துக்குள், நிழலுள்ள புல்லடியில் வைக்கலாம். வைத்தபின் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருத்தல் கூடாது. ஆட்கள் நிற்கும்வரை தாய் வாராது. நாய்களைக் கட்டிவைத்துவிட்டு, மறுநாட் காலையில் ஒருவர் மாத்திரம் சென்று தூரத்தில் நின்று பார்த்தாற் போதும். வயிறு புடைத்து, உடம்பு சூடாக, அமைதியாகக் கிடந்தால் இரவிலே தாய் வந்திருக்கிறது என்று அறியலாம். குட்டியைக் காணவில்லையெனின், அது தானாகவே வேறு புதருக்கு நகர்ந்திருத்தல் கூடும்.

உண்மையாகத் தாயை இழந்த குட்டி எது? தாய் பொறியிலோ வேட்டையிலோ வீதியில் வாகனத்திலோ பட்டு இறந்ததைக் கண்ணாற் கண்டிருந்தால் ஐயமில்லை. குட்டியின் உடம்பு குளிர்ந்திருத்தல், வயிறு ஒட்டி இடுப்பெலும்பு தெரிதல், முதுகுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மடிந்தபடியே நிற்றல், எறும்பு மொய்த்தல், மயிரினிடையே ஈ முட்டையிட்டிருத்தல், இடைவிடாது கத்திக்கொண்டு அலைதல் ஆகியனவும் அடையாளங்களாம். நாயோ பூனையோ கவ்விக் கொணர்ந்த குட்டியும் இவ்வகையைச் சேர்ந்ததே. பூனையின் பல் பட்ட காயம் ஊசிமுனை அளவினதாய் வெளியே தெரியாது. ஆயினும் அப்பல்லிலுள்ள கிருமிகள் ஓரிரு நாளில் இரத்தத்திற் பரவிக் குட்டியைக் கொன்றுவிடும். அத்தகையதைக் காலந்தாழ்த்தாது மிருக வைத்தியரிடம் கொண்டுபோதல் வேண்டும். கடித்த நாய் விசர் பிடித்ததென்ற ஐயமிருப்பின், குட்டியை வெறுங்கையாற் தொடாதிருப்பதோடு, தொட்டவர் கையைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி மருத்துவரை நாடுதலும் வேண்டும். பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதனை அலட்சியம் செய்யலாகாது.

காட்டு விலங்குகளைப் பிடித்தலும் வைத்திருத்தலும் 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தோடு தொடர்புடையன. ஆதலால் குட்டியொன்றை வைத்துப் பராமரிக்க நேர்ந்தவர்கள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அண்மையிலுள்ள அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் சொற்படி நடத்தல் முறையாகும். அங்கிருந்து உதவி வந்து சேரும்வரை குட்டி உயிரோடிருக்க வேண்டுமே! அதற்குரியன பின்வருவன.

பசித்திருக்கிறது என்று எண்ணி உடனே பாலூட்டத் தொடங்குதல் முதற்பிழை. குளிர்ந்த உடம்பினுள்ளே சென்ற பால் செரிக்காது; வயிற்றிலே கெட்டு வாயுவாகும். முதலிற் கொடுக்க வேண்டியது சூடு. உயரமான பக்கங்களுள்ள அட்டைப்பெட்டி ஒன்றில் மெல்லிய துவாயை மடித்து விரித்து, அதன்மேல் உலர்ந்த புல்லைப் பரப்பிக் குட்டியை வைக்கலாம். இளஞ்சூடான நீர் நிரப்பிய போத்தலைத் துணியிற் சுற்றி ஒரு பக்கத்திலே வைத்தல் வேண்டும். மற்றப் பக்கம் வெறுமையாயிருத்தல் வேண்டும். சூடு மிகுந்தாற் குட்டி விலகிப் படுக்க இடமிருக்க வேண்டுமல்லவா? நம் நாட்டு வெயிற் காலத்திற் பகல்வேளைக்குச் செயற்கைச் சூடு பெரும்பாலும் வேண்டியிராது. விடியற்புறத்துக் குளிரும் மாரிமழை நாட்களுமே ஆபத்தானவை. நூல் பிரிந்த பழந்துணிகளைப் பயன்படுத்தலாகாது. நூல் காலிற் சுற்றிக்கொண்டால் இரவுக்குள் அந்தக் கால் வீங்கிப்போம்.

சூட்டுக்கு அடுத்தபடியாக வேண்டுவது அமைதி. பெட்டியை மூடி, காற்றுத் துளையிட்டு, ஆளரவமற்ற அறையொன்றில் வைத்தல் வேண்டும். முயலின் இதயம் அச்சத்தைத் தாங்காதது. பலர் கையில் மாறி மாறி ஏறியிறங்கும் குட்டி, வெளியே ஒரு காயமுமின்றி, வெறும் அச்சத்தாலேயே இறந்துபோதல் உண்டு. கைக்குள் அசையாமல் இருக்கிறதே, பழகிவிட்டது என்று பிள்ளைகள் மகிழ்வர். பயத்தின் உச்சத்திலே முயல் செய்வது அதுவே. வானொலிப் பெட்டியின் ஓசையும் அதற்கு ஆகாது என்று சொல்ல வேண்டியிருப்பதை நேயர்கள் பொறுத்துக்கொள்வார்களாக. கைத்தொலைபேசியைக் கண்ணெதிரே நீட்டிப் படம் பிடித்தலும் அவ்வாறே தவிர்க்கத்தக்கது. பராமரிப்பவர் ஒருவராயிருத்தலும், அவரும் பாலூட்டும் நேரம் தவிர மற்ற வேளைகளில் அணுகாதிருத்தலும் நன்று.

இனிப் பால். வீட்டு முயலின் பாலை ஆராய்ந்தவர்கள் அதில் 100க்கு 10 பங்குக்கு மேற்பட்ட கொழுப்பும், அதே அளவுக்கு அண்மித்த புரதமும் உண்டென்று கண்டனர். பாற்சர்க்கரையோ 2 பங்கு அளவினதே. பசுப்பாலிற் கொழுப்பு ஏறக்குறைய 4 பங்கு. பாற்சர்க்கரை 5 பங்கை எட்டும். காட்டு முயலின் பால் இன்னுங் கொழுமையானது. நாளுக்கு ஒருமுறை குடித்துவிட்டுக் குட்டி பசியின்றிக் கிடப்பதன் மருமம் இதுவே. பசுப்பாலை வயிறு நிறைய ஊட்டினாலும் அதற்குப் போதிய சத்துச் சேராது. மிகுதியான சர்க்கரை குடலிற் புளித்துக் கழிச்சலை உண்டாக்கும். கழிச்சல் கண்ட குட்டி ஓரிரவுக்குள் வற்றிப்போம். சீனியோ தேனோ கலத்தல் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதை ஒக்கும். குழந்தைகளுக்குரிய பால்மாவும் பொருந்தாது. மிருக வைத்தியசாலைகளிற் பூனைக்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மா ஓரளவு நெருங்கியது. அது கிட்டாத இடத்தில் ஆட்டுப்பாலைப் பயன்படுத்துவோர் பலர். யாழ்ப்பாணத்து வளவுகளிலும் வன்னியிலும் ஆட்டுக்குக் குறைவில்லை.

ஊட்டும் முறை பாலின் வகையினும் முக்கியமானது. குட்டியை மல்லாத்திப் பிள்ளைக்குப் போல வாயில் ஊற்றினால், பால் உணவுக்குழலை விட்டு மூச்சுக்குழலிற் புகும். நுரையீரலிற் பால் புகுந்த குட்டி பிழைத்தல் அரிது. வீட்டில் வளர்க்க முயன்று இறந்த குட்டிகளிற் பலவற்றின் முடிவு இதுவே. குட்டியை மேசைமேல் விரித்த துணியில், நான்கு காலும் ஊன்ற, இயல்பாக இருக்கச்செய்து, தலை சற்றே உயர்ந்திருக்கும்படி பிடித்து, ஊசி நீக்கிய சிறிய சிரிஞ்சினால் உதட்டின் ஓரத்திலே துளி துளியாக விடல் வேண்டும். அது நக்கி விழுங்கிய பின்னரே அடுத்த துளி. மூக்கிலே குமிழி தோன்றினால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைத்துவிட வேண்டும். பால் உடம்புச் சூட்டளவினதாய் இருத்தல் வேண்டும். முதல் வாரத்தில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல், காலையும் மாலையுமாக இருமுறை கொடுத்தாற் போதும். பின்னர் வளர்ச்சிக்கேற்பச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மேலும் மேலும் கேட்கிறதே என்று இரங்கி, வயிறு உப்பும்வரை கொடுத்தல் ஆகாது. தாயின் பாலுக்கும் நாம் கொடுக்கும் பாலுக்கும் வேறுபாடு உள்ளமையால், குறையக் கொடுத்ததாற் செத்த குட்டியிலும் மிகையாகக் கொடுத்ததாற் செத்த குட்டியே அதிகம்.

தாய் முயல் குட்டியின் பின்புறத்தை நக்கிக் கொடுத்தே அதனைச் சிறுநீர் கழிக்கச் செய்யும். தாயில்லாத இடத்தில் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சினால், பாலூட்டியதும் மெல்லத் தடவிவிடுதல் வேண்டும். இதைச் செய்யாது விட்டாற் சிறுநீர் தேங்கிக் குட்டி இறந்துபோகவும் கூடும். ஓரிரு வாரங்களில் அது தானாகவே கழிக்கத் தொடங்கும். முகத்திலும் மார்பிலும் வழிந்த பாலை உடனுக்குடன் துடைத்து உலர்த்தல் வேண்டும். புளித்த பால் எறும்பை அழைப்பது மட்டுமன்று, தோலையும் புண்ணாக்கும். குட்டியைக் குளிப்பாட்டலாகாது.

காட்டு முயற்குட்டி இரண்டாம் வாரமளவில் இளம்புல்லைக் கறிக்கத் தொடங்கும். இங்கேதான் அதன் குடலைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. முயல் புல்லைத் தின்று ஒருமுறை செரித்து முடிப்பதில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்திலுள்ள பெரும் பையொன்றில், கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அப்புல்லைப் புளிக்கச் செய்கின்றன. அங்கிருந்து வரும் மென்மையான உருண்டைகளை முயல் தன் வாயால் நேரே எடுத்து மறுபடியும் உண்ணும். இரண்டாம் முறை கடந்துவருவதே தரையிற் காணும் காய்ந்த புழுக்கை. இது அருவருப்பான பழக்கமெனக் கருதித் தடுப்போர், விலங்கின் உணவிற் பாதியைத் தடுப்பவராவர். மாடு அசைபோடுவதைப் போன்றதே இதுவும். குட்டிக்கு அந்த நுண்ணுயிர்கள் பிறக்கும்போதே அமைந்திருப்பதில்லை. தாயின் புழுக்கையைக் கொறிப்பதனாலும் புல்லை உண்பதனாலும் அவை மெல்ல வந்து குடியேறுகின்றன. பாலிலிருந்து புல்லுக்கு மாறும் அந்த நாட்களிலே, நுண்ணுயிர்க் கூட்டம் நிலைபெறுமுன் வயிறு கலங்கினால், மருந்தினால் மீட்பது கடினம்.

ஆதலால், உணவை மாற்றுவதில் அவசரங் கூடாது. குட்டியை எடுத்த இடத்துப் புல்லையே, வேரும் மண்ணும் சிறிது ஒட்டியிருக்க, பறித்து வந்து வைத்தல் சிறந்தது. அறுகம்புல் எங்கும் கிடைக்கும். வீதியோரத்திலும், பூச்சிமருந்து தெளித்த தோட்டத்திலும் பறித்தது ஆகாது. மழையில் நனைந்து பெட்டிக்குள்ளே குவிந்து புழுங்கிய புல்லும் ஆகாது. பாணும் பிஸ்கற்றும் சோறும் வாழைப்பழமும் கொடுத்து, அது விரும்பி உண்கிறது என்று பெருமைப்படுவோர் உண்டு. விரும்பி உண்ணும், பின் வயிறூதிச் சாகும். முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நாருள்ள புல்லை ஓயாது அரைத்தாலொழிய அவை தேய்வதில்லை. புல் தின்னத் தொடங்கியதும் தாழ்ந்த மண்சட்டியில் நீர் வைக்கலாம்.

மருந்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டிலே மிஞ்சிக் கிடக்கும் பெனிசிலின், அமொக்சிசிலின் முதலிய மாத்திரைகளை உடைத்துக் கரைத்து முயலுக்கு வாய்வழி கொடுத்தலாகாது. மேற்சொன்ன நுண்ணுயிர்களை அவை அழித்து, நோயினும் விரைவாகக் கொன்றுவிடும். மிருக வைத்தியருக்கு முயலுக்குப் பொருந்தும் மருந்து எதுவெனத் தெரியும்.

காட்டு முயலை வீட்டிற் பேணியவர் வரலாற்றில், இருநூறாண்டுகளுக்கு மேலாகியும் மறக்கப்படாத பெயர் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பருடையது. இங்கிலாந்திலே ஒல்னி என்னும் ஊரில் அவர் மனச்சோர்வினால் வருந்தியிருந்த காலம், 1774ஆம் ஆண்டு. அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக்காக முயற்குட்டி ஒன்று கிடைத்தது. மூன்று மாத வயதுள்ள குட்டி. பிள்ளைகளுக்கு அதைச் சீண்டத் தெரிந்த அளவுக்கு ஊட்டத் தெரியவில்லை. நாளுக்கு நாள் மெலிவதைக் கண்ட அவர்களின் தந்தை, அதைக் கவிஞரிடம் ஒப்படைத்தார். செய்தி பரவவே ஊரார் பலரும் முயல்களைக் கொண்டுவந்து குவிக்கத் தொடங்கினர். அவர் மூன்றை மாத்திரம் ஏற்றார். தமது அனுபவத்தை 1784இல் ஒரு சஞ்சிகைக்குக் கடிதமாக எழுதியனுப்பினார்.

அம்மூன்று முயல்களும் மூன்று குணத்தன. புஸ் என்பது நோயுற்று மூன்று நாட் கிடந்தது. கவிஞர் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்துப் பேணினார். பிழைத்தெழுந்ததும் அது அவருடைய கையின் புறத்தையும், உள்ளங்கையையும், விரல் ஒவ்வொன்றையும், விரலிடுக்குகளையும் ஒன்றுவிடாமல் நக்கியது. ரைனி என்பதும் நோயுற்றது. அதற்கும் அதே பராமரிப்பே கிடைத்தது. ஆனால் அது சிறிதும் பழகவில்லை. தடவப் போனால் உறுமும், முன்காலால் அடிக்கும், பாய்ந்து கடிக்கும். மூன்றாவதாகிய பெஸ் முதலிலிருந்தே அஞ்சாது பழகியது. கழுவிய பெட்டி நன்றாக உலருமுன் அதனுள்ளே விடப்பட்டமையால், வளர்ந்த சில காலத்துள் இறந்தது. ஈரத்தைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் கவிஞர் தம் முயலைப் பறிகொடுத்துக் கற்ற பாடமே. ரைனி ஒன்பது வயதுவரையும், புஸ் பன்னிரண்டுக்கு ஒரு மாதம் குறைவான வயதுவரையும் வாழ்ந்தன. ஒரே கையால் உணவுண்ட இரண்டில், ஒன்று மடியிலேறி உறங்கியதும் மற்றது இறுதிவரை காட்டு விலங்காகவே இருந்ததும் எண்ணிப் பார்க்கத்தக்கன. வளர்ப்பவரின் அன்புக்கு ஈடாக விலங்கும் அன்பு செலுத்தியாக வேண்டுமென்று எதிர்பார்ப்போருக்கு, ரைனியின் கதை அவசியமானது.

கூப்பர் தம் முயல்களை மீண்டும் காட்டுக்கு விடவில்லை. நம் காலத்தில் அதே நாட்டைச் சேர்ந்த குளோயி டால்ற்றன் என்னும் எழுத்தாளர் வேறு வழியைப் பின்பற்றினார். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்திலே நாட்டுப்புறத்தில் வீடடங்கியிருந்தபோது கண்டெடுத்த குட்டியை அவர் வளர்த்தார். அதற்கு அவர் பெயரிடவுமில்லை, கூண்டில் அடைக்கவுமில்லை. வளர்ந்த முயல் வயல்வெளிக்குப் போவதும் விரும்பியபோது வருவதுமாயிருந்து, பின் அவ்வீட்டிலேயே வந்து குட்டியும் ஈன்றது. 2024இல் வெளியான அவருடைய நூல் இதனை விரிவாகக் கூறும். அத்தகைய வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டாது. பக்கத்து வீட்டில் நான்கு நாய்கள் இருக்கும் ஊரிலே வாசற்கதவைத் திறந்துவைத்து முயல் வளர்த்தல் இயலாத காரியம்.

ஆகவே, விடுவதற்கென்றே வளர்த்தல் வேண்டும். நான்காம், ஐந்தாம் வாரமளவிற் பால் குறைந்து, புல்லே உணவாகும். அதன்பின் ஆட்கள் தொடுவதையும் கூப்பிடுவதையும் அறவே நிறுத்திவிட வேண்டும். நாயையும் பூனையையும் கண்டால் ஓடும் அச்சம் அதற்கு இருத்தல் வேண்டும். வீட்டு நாயோடு சேர்ந்து உறங்குகிறது என்று அயலாருக்குக் காட்டி மகிழும் முயல், வெளியே விட்ட முதல் நாளிலேயே வேற்று நாயொன்றின் வாயிலே போம். பெட்டி போதாத நிலை வந்ததும், வளவில் வலையடைத்த ஒரு பட்டியமைத்து, அதனுள்ளே புற்பற்றை வைத்து, இரவும் பனியும் நிலத்தின் மணமும் பழக விடலாம். மனிதரைக் கண்டதும் பற்றைக்குள் பாய்ந்து ஒளிந்தால், வளர்த்தவர் மனம் நோகாது மகிழ்ச்சியடைய வேண்டும்.

பால் மறந்து, பல நாட்கள் புல்லை மட்டுமே உண்டு உடம்பு திரண்டபின், மழையில்லாத ஒரு மாலைப்பொழுதைத் தெரிந்தெடுத்தல் நன்று. எடுத்த இடத்துக்கு அண்மையில், பற்றையும் புல்லும் நீரும் உள்ளதாய், வேட்டைக்காரரும் நாயும் அதிகம் புழங்காததாய் ஓரிடம் வேண்டும். பெட்டியைப் பற்றையின் ஓரத்தில் வைத்து, மூடியைத் திறந்து, நாலைந்து அடி பின்வாங்கி நின்றாற் போதும். கையால் தூக்கி வெளியே விட வேண்டுவதில்லை. சில குட்டிகள் உடனே பாய்ந்தோடும். சில வெகுநேரம் பெட்டிக்குள்ளேயே இருந்து மூக்கை அசைத்துக் காற்றை மோப்பம் பிடிக்கும். அப்படியிருந்தால் பெட்டியை மெல்லச் சரித்து வைத்துவிட்டு வீடு திரும்பலாம். மறுநாள் விடிந்ததும் சிறுவன் ஓடிப்போய்ப் பார்ப்பான். வெறும் பெட்டியும், அதனடியில் நாலைந்து காய்ந்த புழுக்கைகளும் இருக்கும்.